சால்வையை மடிச்சு வைங்க, ஃபாரத்தை எடுங்க

மல்லாட்டை பறிச்சு, காய வச்சு, மூட்டை கட்டவே மூணு வாரம் ஓடிடுச்சு. அதனாலதான் இத்தனை நாளா இந்தப் பக்கம் வரல. விளைச்சல் கதை அடுத்த வாரம் எழுதறேன். இன்னிக்குக் கொஞ்சம் கோபமா ஒரு விஷயம். அந்தக் கோபத்துல முதல் பங்கு எனக்குத்தான்.

எங்க வேலூர் மாவட்டத்துல பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டைன்னே இன்னொரு பேர். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல ஒரு கல்வெட்டு இருக்கு. 1914லேர்ந்து 1919 வரைக்கும் நடந்த பெரிய சண்டைக்கு இங்கேயிருந்து 277 பேர் போனாங்க, அதுல 14 பேர் உயிரை விட்டாங்கன்னு இங்கிலீஷ்ல வெட்டியிருக்கும். திரும்பி வந்த 263 பேர் எப்படிப் பிழைச்சாங்க? செத்த 14 பேர் வீட்டுல அடுப்பு எப்படி எரிஞ்சது? அது எந்தக் கல்லுலயும் இல்ல. நூறு வருஷம் கழிச்சும் நாம அந்தக் கல்லு மாதிரியேதான் இருக்கோம். போறவனை எண்ணுவோம், செத்தவனை எழுதுவோம், நடுவுல இருக்கிற வாழ்க்கையைப் பாக்கவே மாட்டோம்.

எங்க எதிர்வீட்டு அண்ணன் ஹவில்தாரா இருந்தவரு. 24 வருஷ சர்வீஸ். ஊருக்கு வந்தப்புறம் ரெண்டு ஏக்கர்ல நெல்லு, நாலு கறவை மாடுன்னு இருந்தாரு. ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் பள்ளிக்கூடத்துல கூப்பிட்டு சால்வை போடுவோம். போன வருஷம் பங்குனியில நெஞ்சு வலின்னு படுத்தவரு எழுந்திருக்கல. தேசியக் கொடி போத்தி எடுத்தோம். கூட்டம் ரோடு வரைக்கும் நின்னுது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சவங்க எத்தனையோ பேர். நானும் வச்சேன்.

பதினோரு மாசம் கழிச்சு ஒரு நாள் அண்ணி வாசல்ல வந்து நின்னாங்க. "தம்பி, மாடு விக்கணும். தெரிஞ்ச ஆள் இருந்தா சொல்லு"ன்னாங்க. "ஏன் அண்ணி, நல்லா கறக்குதே"ன்னேன். அப்புறம்தான் சொன்னாங்க. ஏற்கெனவே ரெண்டு மாடு போயிடுச்சு, சங்கிலி சொசைட்டியில அடகுல இருக்கு. அண்ணன் போனதிலேர்ந்து ஒரு பைசா பென்ஷன் வரல.

காரணம் ஒரே ஒரு எழுத்து. பென்ஷன் பேப்பர்ல அண்ணி பேருக்கு நடுவுல இங்கிலீஷ் 'எச்' இருக்கு, ஆதார்ல இல்ல. பிறந்த வருஷமும் ரெண்டு வருஷம் தள்ளி இருக்கு. கல்யாணம் ஆன புதுசுல எங்கேயோ வடக்க இருந்த ரெஜிமெண்ட் கிளார்க் காதுல விழுந்ததை எழுதியிருப்பாரு. அண்ணன் உயிரோட இருந்த வரைக்கும் அதை யாரும் கேக்கல. செத்த அன்னிக்கு அந்த எழுத்து எழுந்து நின்னுடுச்சு. பேங்க்ல போனா வேற ஆபீஸைக் கையைக் காட்டறாங்க. அங்க போனா ஆதாரைத் திருத்துன்றாங்க. ஆதாரைத் திருத்தப் போனா பள்ளிக்கூட சர்டிபிகேட் கேக்கறாங்க. அண்ணி அஞ்சாவதோட நின்னவங்க. பதினோரு மாசம் தனியா பஸ் ஏறி ஏறி இறங்கியிருக்காங்க.

எங்க வீட்டு வாசல்லேர்ந்து அவங்க வாசலுக்கு இருபது அடி. எனக்குத் தெரியல. தெரியலன்றது கூட பொய்தான், நான் கேக்கல.

கடைசியில யாரு முடிச்சாங்க தெரியுமா? ஒரு சாவு வீட்டுக்கு வந்த பக்கத்து ஊரு சுபேதார் மாமா. திண்ணையில உட்கார்ந்து பேப்பரை எல்லாம் வாங்கிப் பாத்தாரு. "இது ரெக்கார்ட் ஆபீஸ்ல திருத்த வேண்டியதும்மா, பேங்க்ல இல்ல"ன்னாரு. ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு நோட்டரிகிட்ட உறுதிமொழிப் பத்திரம், விஏஓ கையெழுத்து, டிஸ்சார்ஜ் புக் நகல், எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியா அனுப்பினாரு. நாலு மாசத்துல நிலுவையோட பணம் வந்துடுச்சு. மாடு திரும்பி வரல.

இப்ப சொல்லுங்க. அந்தப் பதினோரு மாசம் எதனால வீணாச்சு? அரசாங்கத்துல திட்டம் இல்லையா? இருக்கு. சட்டம் இல்லையா? இருக்கு. எங்க ஊர்லயே விஏஓ இருக்காரு, இ-சேவை மையத்துல சுறுசுறுப்பான ஒரு பொண்ணு இருக்கு, வாத்தியார் இருக்காரு, மகளிர் குழு இருக்கு, பால் சொசைட்டி இருக்கு. மூணு கிலோமீட்டர்ல சுபேதார் மாமா இருக்காரு. எல்லாரும் தனித்தனியா இருந்தோம். ஒரே திண்ணையில உட்காரல. அவ்வளவுதான் குறை.

"அவங்களுக்கு என்னய்யா கொறச்சல், பென்ஷன் வருது, கேன்டீன் இருக்கு"ன்னு எங்க ஊர் டீக்கடையில சொல்லுவாங்க. நானும் சொன்னவன்தான். மழையை நம்பிக் கிடக்கிற எனக்கு மாசம் பொறந்தா பணம் வர்றவனைப் பாத்தா பொறாமையாத்தான் இருந்தது. ஆனா கணக்கைப் பாருங்க. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம்னா கடைசிச் சம்பளத்துல 30 சதவீதம். முதல் சில வருஷம் மட்டும் 50. சிப்பாய்க்குப் பென்ஷன் வேணும்னா 15 வருஷ சர்வீஸ் இருக்கணும். அதுக்கு முன்னாடி வந்தவங்கள்ல பலருக்குக் கையில ஒண்ணும் இல்ல. 2003லேர்ந்து பென்ஷன்காரங்களுக்கு இசிஎச்எஸ் மருத்துவ வசதி இருக்குது, உண்மைதான். ஆனா எழுபது வயசு ஆள் எங்க ஊர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வேலூர் பாலிகிளினிக் போய் மாத்திரை வாங்கி வர ஒரு நாள் முழுசாப் போயிடும். கூட ஒரு ஆள் வேணும். அந்த ஆளை டெல்லியிலேர்ந்து அனுப்ப முடியுமா?

கேன்டீன்னு சொன்னேன் இல்ல, அதையும் சொல்லிடறேன். எங்க ஊருக்கும் பட்டாளத்துக்காரருக்கும் உண்மையான உறவு வருஷத்துக்கு ஒரு சால்வை, மாசத்துக்கு ஒரு பாட்டில். "மாமா, கோட்டா வாங்கிட்டீங்களா"ன்னு கேக்காத ஆம்பளை எங்க தெருவுல இல்ல. "மாமா, லைஃப் சர்டிபிகேட் குடுத்துட்டீங்களா"ன்னு கேட்ட ஒருத்தனைக் காட்டுங்க. இப்ப பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ்ன்ற கம்ப்யூட்டர் முறையில வருது. வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு காட்டலன்னா பணம் நின்னுடும். பட்டன் போன் வச்சிருக்கிற பெரியவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் வாங்கித் தந்ததைக் குடிச்ச நமக்கு அதைச் சொல்ற கடமை இல்லையா?

இன்னொண்ணு சொன்னா எங்க ஊர்க்காரங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். ஆள் லடாக்குல நிக்கும்போது இங்க அவன் வரப்பு நகரும். வருஷத்துக்கு அரை அடி. வீட்டுல பொம்பளை தனியா இருக்கா, யாரு கேக்கப் போறாங்கன்ற தைரியம். சண்டை முனையில இருக்கிற சிப்பாய் மேல இங்க கோர்ட்டுல கேஸ் நடந்து பாதகமாயிடக் கூடாதுன்னு வெள்ளைக்காரனே 1925ல சட்டம் போட்டான். வரப்பு நகராம இருக்க எந்தச் சட்டம் வரும்? பக்கத்து நிலத்துக்காரன் மனசு வைக்கணும், இல்லன்னா ஊர் கேக்கணும்.

சால்வையிலயும் ஊர் வேற, காலனி வேற. எங்க ஊர்ல பட்டாளத்துக்குப் போனவங்கள்ல பாதிப் பேர் காலனிக்காரங்க. கொடியேத்தற அன்னிக்கு மேடையில நாற்காலி யாருக்குப் போடறோம்னு பாத்தாலே தெரியும். பனியில ஒண்ணா நின்னவங்களை ஊருக்குள்ள வந்ததும் பிரிச்சு உட்கார வைக்கிறோம்.

இந்த அக்டோபர் கிராம சபையில எழுந்து இதெல்லாம் சொன்னேன். முதல்ல சிரிச்சாங்க. "ஆளுக்கு ஒரு பாட்டில் உண்டா"ன்னு பின்னாடியிலேர்ந்து ஒரு குரல். நல்லவேளையா மகளிர் குழு தலைவி எழுந்து "வாயை மூடு"ன்னாங்க. அப்புறம் ஒண்ணு முடிவாச்சு. மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூட வராண்டாவுல உட்காரணும். சுபேதார் மாமா, இ-சேவை பொண்ணு, ஒரு வாத்தியார், மகளிர் குழுவுல ரெண்டு பேர், எழுத்து வேலைக்கு நான். பேர் வைக்கல, போர்டு வைக்கல. ஒரு நாப்பது பக்க நோட்டு மட்டும்தான். ஊரும் காலனியும் ஒரே நோட்டு.

ரெண்டு தடவை உட்கார்ந்ததுல தெரிஞ்சது: 38 குடும்பம். அதுல ஆறு வீட்டுல மனைவி பேர் பென்ஷன் பேப்பர்ல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு. ஆறு பேர் வீட்டுக்காரரும் உயிரோட இருக்காங்க, அதனால அவங்களே கையெழுத்துப் போட்டு இப்பவே திருத்தலாம். பென்ஷன் இல்லாத 65 வயசு தாண்டின பழைய சிப்பாய் ரெண்டு பேர். ஹவில்தார் வரைக்கும் இருக்கிற அந்த மாதிரி ஆளுக்குக் கொடி நாள் நிதியிலேர்ந்து மாசம் 4,000 ரூபாய் உதவி இருந்தது, 2025 நவம்பர்லேர்ந்து 8,000 ஆக்கியிருக்காங்க. ரெண்டு பேரும் மனுவே போட்டதில்ல, அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. அதுல ஒருத்தர் இந்த வயசுலயும் நூறு நாள் வேலைக்குப் போறாரு. ரெண்டு பேர் மனுவும் எழுதியாச்சு. தபால்காரரை வச்சு வீட்டுலயே விரல் ரேகை எடுத்து ஆயுள் சான்று போடவும் பேசியிருக்கோம். பணம் வந்து சேர்ற வரைக்கும் எந்த வீட்டுலயும் மாடு விக்காம இருக்க மகளிர் குழுவுல கைமாத்து தர்றதா சொல்லியிருக்காங்க.

டிசம்பர் 7 வருது. 1949லேர்ந்து கொடி நாள். சின்ன வயசுல சட்டையில கொடி குத்திக்கிட்டுக் காசு போட்டிருப்பீங்க. அந்தக் காசு வாங்க வேண்டியவன் கைக்குப் போகணும்னா நடுவுல ஒருத்தர் ஃபாரம் எழுதணும். அதுக்கு ஆள் இல்லாமத்தான் நின்னு போகுது.

இதைவிடப் பெரிய வேலை பின்னாடி வருது. 2022ல அறிவிச்ச அக்னிவீர் திட்டத்துல சேந்த முதல் பசங்களுக்கு 2026 கடைசியில நாலு வருஷம் முடியுது. திட்டப்படி நூத்துக்கு 25 பேரை வச்சுக்குவாங்க. மத்தவங்க சுமார் 11.7 லட்சம் ரூபாயோட ஊருக்கு வருவாங்க. அதுல பாதி அவங்க சம்பளத்துல பிடிச்சதுதான். பென்ஷன் கிடையாது, இசிஎச்எஸ் கிடையாது. திட்டம் சரியா தப்பான்னு டிவியில சண்டை போடட்டும். வர்ற பையன் 22, 23 வயசுல எங்க ஊர் பஸ் ஸ்டாப்புலதான் இறங்குவான். அந்தப் பணத்தைக் குறி வச்சு சீட்டுக்காரனும் ரியல் எஸ்டேட்காரனும் முதல் நாளே வந்து நிப்பாங்க. அதுக்கு முன்னாடி ஊர் போய் நிக்குமா?

பட்டணத்துல இருந்து படிக்கிற உங்களுக்கு ஒரே கேள்வி. உங்க அப்பார்ட்மெண்ட் கேட்டுல ராத்திரியெல்லாம் நிக்கிற செக்யூரிட்டி எந்த ரெஜிமெண்ட்னு கேட்டிருக்கீங்களா? பல இடத்துல அவர் பழைய பட்டாளத்துக்காரர். ஜெய்ஹிந்த் சொல்றதுக்குப் பதிலா, "அண்ணா, பென்ஷன் பேப்பர்ல அண்ணி பேர் சரியா இருக்கா"ன்னு கேளுங்க. இல்லன்னா லேப்டாப்பைத் திறந்து ஒரு மணி நேரம் அவர் பக்கத்துல உட்காருங்க. உங்க சொந்த ஊர் வாட்ஸ்அப் குரூப்புல திருவிழா வசூலுக்குக் கணக்கு போடறீங்க இல்ல, அதுல ஒரு நாள் உங்க ஊர்ல எத்தனை பட்டாளக் குடும்பம்னு கணக்கெடுக்கச் சொல்லுங்க. பணம் கேக்கல. எங்களுக்கு வேண்டியது இங்கிலீஷ் ஃபாரம் படிக்கத் தெரிஞ்ச ஆளுங்க.

எதிர்வீட்டு அண்ணிக்கு இப்ப ஒரே ஒரு மாடுதான். ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வராண்டாவுக்கு முதல்ல வர்றது அவங்கதான். கையெழுத்து போடத் தெரியாத பொம்பளைங்களைக் கூட்டிட்டு வந்து, "பேரை ஒரு எழுத்து விடாம படிச்சுக் காட்டு தம்பி"ன்னு எனக்கு உத்தரவு போடறாங்க. நானும் படிச்சுக் காட்டறேன்.