எல்லையில் பகை, வீட்டுக்குள் வேட்டை

அந்நிய நாட்டோடு பகை மூளும்போதெல்லாம் ஆளுங்கட்சியின் பார்வை எல்லையைவிட எதிர்க்கட்சியின் மீதே கூர்மையாகப் படிகிறது. 'தேசத்துக்கு ஆபத்து' என்ற கூக்குரலோடு ஒரு சட்டம் பிறக்கிறது. ஆபத்து விலகிய பின்னும் சட்டம் விலகுவதில்லை. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோயன்று. ஜனநாயகத்தின் தொட்டில் என்று முதலாளித்துவ அறிஞர்கள் போற்றும் அமெரிக்கா, தனது இரண்டாவது குடியரசுத் தலைவர் காலத்திலேயே இதற்கு வழிகாட்டிவிட்டது.

1796 தேர்தலில் பெடரலிஸ்ட் கட்சியின் ஜான் ஆடம்ஸ் 71 வாக்குகள் பெற்றுத் தலைவரானார். 68 வாக்குகள் பெற்ற எதிரணித் தலைவர் தாமஸ் ஜெபர்சன், அன்றைய விதிப்படி துணைத் தலைவரானார். பெடரலிஸ்டுகள் வணிகர், வங்கியாளர்களின் கட்சி. பிரிட்டனோடு உறவை நாடியவர்கள். ஜெபர்சனின் கட்சி பிரெஞ்சுப் புரட்சியை வரவேற்றது. அக்கட்சியின் தென்மாநிலத் தலைவர்கள் அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்த பண்ணையார்கள் என்பதையும் மறக்கலாகாது. அமெரிக்கக் கப்பல்களைப் பிரான்ஸ் பறிமுதல் செய்தது. பேச்சுவார்த்தைக்குச் சென்ற தூதர்களிடம் தாலிராண்டின் ஆட்கள் கையூட்டுக் கேட்டனர். 1798 ஏப்ரலில் இச்செய்தி வெளியானதும் போர்வெறி பற்றிக்கொண்டது. கடலில் மோதல் நடந்தது. போர்ப் பிரகடனம் மட்டும் வரவேயில்லை.

வெளியே அறிவிக்கப்படாத போர் உள்நாட்டில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 14 அன்று தேசத்துரோகச் சட்டம் நிறைவேறியது. அரசையோ, நாடாளுமன்றத்தையோ, குடியரசுத் தலைவரையோ அவதூறாக எழுதினால் இரண்டாண்டுச் சிறை, 2,000 டாலர் அபராதம். துணைத் தலைவர் ஜெபர்சனுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அவரை யாரும் எப்படியும் ஏசலாம். சட்டம் காலாவதியாகும் நாள் 1801 மார்ச் 3, அதாவது அடுத்த தலைவர் பதவியேற்பதற்கு முந்தைய நாள். இந்த இரண்டு விவரங்களே போதும்: குறி பிரான்ஸ் அன்று, ஜெபர்சன்.

வெர்மாண்ட் மாநில நாடாளுமன்ற உறுப்பினர் மாத்யூ லையன் நான்கு மாதம் சிறையில் அடைக்கப்பட்டார். சிறையில் இருந்தபடியே மீண்டும் வெற்றி பெற்றார். 1800 தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார்.

இதே பிரெஞ்சுப் பூச்சாண்டி அதே ஆண்டுகளில் இம்மண்ணிலும் காட்டப்பட்டது. 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் படையை ஒப்படைத்த கார்ன்வாலிஸ்தான், 1791இல் மொகிலி கணவாய் ஏறி, பலமனேர் வழியாகத் திப்புவின் பெங்களூரை நோக்கிப் படை நடத்தியவர். அவர் முடிக்காததை முடிக்க வந்த வெல்லெஸ்லிக்கு, திப்பு பிரான்சின் உதவியை நாடியது தக்க சாக்காக வாய்த்தது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதே மாதத்தில் கல்கத்தாப் பத்திரிகைகள் அனைத்தும் அச்சேறுமுன் அரசுச் செயலரின் பார்வைக்கு வரவேண்டும் என்று ஆணை பிறந்தது. குடியரசும் கும்பினியும் ஒரே பாடத்தைத்தான் படித்திருந்தன.

அப்பாடத்தை மனப்பாடம் செய்தவர்கள் விடுதலை பெற்ற இந்தியாவின் ஆட்சியாளர்கள். 1962 அக்டோபர் 20 அன்று சீனாவுடன் போர் மூண்டது. நவம்பர் 21 அன்று போர்நிறுத்தம் வந்தது. ஒரு மாதப் போர். ஆனால் அக்டோபர் 26 அன்று பிரகடனம் செய்யப்பட்ட நெருக்கடி நிலை, 1968 ஜனவரி 10 வரை, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது.

நாட்டின் பாதுகாப்பை ஆதரித்துக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சில் நவம்பர் தொடக்கத்திலேயே தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. அதற்குப் பின்னரே இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் நூற்றுக்கணக்கான தோழர்கள் சிறைப்பட்டனர். கட்சிக்குள் நடந்த கருத்துப் போராட்டத்தையும் காங்கிரஸ் அரசு தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது.

'போர் மெய்யானதுதானே?' என்று கேட்போர் உண்டு. மெய்தான். எனில், துப்பாக்கிகள் ஓய்ந்து 25 மாதங்கள் கழிந்த பின், 1964 டிசம்பர் 29 அன்று, திருச்சி உறுப்பினர் அனந்தன் நம்பியாரையும் புதுக்கோட்டை உறுப்பினர் ஆர்.உமாநாத்தையும் காவலில் வைக்க ஆணையிட்டது எதற்காக? மக்களின் பிரதிநிதிகள் அவைக்குச் செல்ல முடியவில்லையே என்று அவர்கள் தொடுத்த வழக்கை 1965 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சீனாவின் பெயரால் வந்த அதே விதிகளின் கீழ்தான் 1965இல், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது, மு.கருணாநிதி பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். இந்தித் திணிப்பை எதிர்த்த தமிழனுக்கும் இமயத்து எல்லைக்கும் என்ன தொடர்பு?

தீர்ப்பை மக்கள் எழுதினார்கள். 1967இல் நம்பியாரும் உமாநாத்தும் அதே தொகுதிகளில் மீண்டும் வென்றனர். அன்றைய சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தது.

ஆனால் இங்கேதான் எச்சரிக்கை தேவை. அமெரிக்கச் சட்டத்துக்குக் காலாவதி நாள் இருந்தது. இங்கோ, நெருக்கடி நிலை முடிவதற்குச் சில நாட்களுக்கு முன், 1967 டிசம்பர் 30 அன்று, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், அதாவது ஊபா, அரங்கேறியது. நெருக்கடி நிலை போனது; அதன் வாரிசு தங்கிவிட்டது. பின்வந்த அரசுகள் அதை வளர்த்தன. மோடி அரசு அதைத் தன் முதன்மை ஆயுதமாக்கிக்கொண்டது. பிணையை ஏறத்தாழ இயலாததாக்கும் 43டி(5) பிரிவில் சிக்கி, திருச்சி மண்ணில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி 84 வயதில், 2021 ஜூலை 5 அன்று, விசாரணைக் கைதியாகவே உயிரிழந்தார்.

2023 அக்டோபர் 3 அன்று 'சீனப் பணம்' என்ற குற்றச்சாட்டோடு நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்கயஸ்தா கைது செய்யப்பட்டார். அந்தக் கைதே செல்லாது என்று 2024 மே 15 அன்று உச்சநீதிமன்றம் கூறியது. அதற்குள் ஏழு மாதங்கள் சிறையில் கழிந்துவிட்டன. 2023-24ஆம் நிதியாண்டில் சீனாவிலிருந்து 100 பில்லியன் டாலருக்கு மேல் சரக்கு இறக்குமதி ஆனது. முதலாளிகளின் சீன வணிகம் தேசபக்தி. உழவர் போராட்டத்தை எழுதிய ஊடகம் மட்டும் தேசத்துரோகம்!

124ஏ பிரிவை 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தபோது பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். 2024 ஜூலை 1 முதல் அது நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாக, ஆயுள் தண்டனையோடு திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்காவிலும் ஆடம்ஸ் காலத்துச் சட்டங்களில் ஒன்றான அந்நியப் பகைவர் சட்டம் சாகவில்லை. 2025 மார்ச்சில் டிரம்ப் அதைத் தூசு தட்டியெடுத்து வெனிசுவேலாத் தொழிலாளர்களை விசாரணையின்றி எல் சால்வடோர் சிறைக்கு அனுப்பினார். 227 ஆண்டுகள் கழிந்தாலும் கொடுங்கோல் சட்டம் விழித்தெழும்.

ஆகவே, 'இன்று நமக்கு எதிராக அது பயன்படவில்லை' என்ற ஆறுதல் வீண். தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று முறையிடுவதும் போதாது. எதற்காக இயற்றப்பட்டதோ அதற்காகவே அது பயன்படுகிறது. திருத்தமன்று, நீக்கமே கோரிக்கையாக வேண்டும். ஊபாவும் 152ஆம் பிரிவும் முற்றாக ஒழிக்கப்பட வேண்டும் என்ற முழக்கத்தை, கூலி, நிலம், ரேஷன் ஆகியவற்றுக்கான ஒவ்வொரு போராட்ட மேடையிலும் கட்சி அணிகள் ஒலிக்கச் செய்வது இன்றைய கடமை.