உறைபயிற்சி ஊரில் நடைபெறட்டும்

மருத்துவப் பட்டம் பெற்றபின் மேற்பயிற்சி பெறும் இளமருத்துவரை ஆங்கிலத்தில் ‘ரெசிடெண்டு’ என்கின்றனர். உறைபவர் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். முற்காலத்தே பயிற்சி மருத்துவர் மருத்துவமனைக்குள்ளேயே தங்கி, இரவு பகல் பாராது நோயரைக் கவனித்து வந்தமையின் அப்பெயர் ஏற்பட்டது. அப்பயிற்சியை உறைபயிற்சி என்றே நாம் இங்குக் குறிப்போம். சொல்லாராய்ச்சியில் பொழுது போக்குகின்றோம் என்று அன்பர்கள் கருதவேண்டா. எங்கே உறைவது என்னும் வினா அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. அதற்கு விடை காணாமையாற்றான் நம் சிற்றூர்களுக்கு வாய்க்கவேண்டிய மருத்துவர் வாயாமற் போகின்றனர்.

குடும்ப மருத்துவம் என்பது நெஞ்சாங்குலைக்கு ஒருவர், சிறுநீரகத்திற்கு ஒருவர், எலும்பிற்கு ஒருவர் என்று உடலைக் கூறுபோடாமல், ஒரு வீட்டின் குழந்தை முதற்கொண்டு பாட்டி வரை அனைவரையும் ஒருவரே தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவம். நம் பாட்டன்மார் காலத்தில் ஒவ்வோர் ஊரிலும் இருந்ததுதான். இன்று அதுவும் தனித்துறையாய்ப் பயிற்றப்பெறுகின்றது. அமெரிக்காவில் 1969-இல் அதனைத் தனித்துறையாய் ஏற்றுக்கொண்டனர். இந்தியாவிலும் மருத்துவ இளங்கலைப் பட்டத்தின்மேல் மூன்றாண்டுப் பயிற்சியாக அஃது உள்ளது. 2002-ஆம் ஆண்டின் நலவாழ்வுக் கொள்கையும், 2017-ஆம் ஆண்டின் நலவாழ்வுக் கொள்கையும் இத்துறையை வளர்க்கவேண்டும் என்று எழுதிவைத்துள்ளன. எழுதுவதில் நடுவணரசு என்றுமே குறைவைத்ததில்லை.

பயிற்சியின் இடத்தைப் பற்றி நாம் ஏன் இத்துணை வற்புறுத்துகின்றோம் என்பதற்குப் பழைய கணக்கொன்றைச் சொல்லுதல் வேண்டும். 1961-இல் கெர் ஒயிட்டு என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும், அமெரிக்காவிலும் பிரித்தானியத்திலும் திரட்டிய செய்திகளைக்கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். அகவை வந்த ஆயிரம் பேரை ஒரு மாதம் கவனித்தால், அவருள் 750 பேர் ஏதேனும் ஒரு நோவோ நலிவோ உற்றதாகச் சொல்கின்றனர். 250 பேர் மருத்துவரிடம் செல்கின்றனர். 9 பேர் மருத்துவமனையில் தங்க நேர்கின்றது. பல்கலைக்கழகப் பெருமருத்துவமனை வரை செல்பவர் ஒரே ஒருவர். நாற்பதாண்டு கழித்து, 2001-இல், அமெரிக்காவில் மீண்டும் கணக்கெடுத்தபோதும் அவ்வொன்று ஒன்றினும் குறைந்ததேயன்றிக் கூடவில்லை. நாட்டுக்கு நாடு எண்கள் சிறிது மாறலாம், உண்மை மாறாது. நம் மாணவர் ஐந்தரை ஆண்டும், அதன்மேல் மூன்றாண்டும், அந்த ஒருவரின் கட்டிலருகே நின்றே மருத்துவம் பயில்கின்றனர். எஞ்சிய 749 பேரின் நோய் எப்படித் தொடங்கும், எப்படி உருமாறும், எதனைத் தானே ஆறவிடலாம், எதனை ஒரு நாழிகையும் தாழ்க்கலாகாது என்பதைக் காணும் வாய்ப்பே அவர்க்கு இல்லை. பெருமருத்துவமனைக்கு வரும் நோய் முன்னரே பலரால் பிரித்துப் பெயரிடப்பட்டு வருகின்றது. ஊர் மருத்துவர்முன் வந்து அமரும் நோய்க்கு இன்னும் பெயரில்லை.

உண்ணிக் காய்ச்சலையே எடுத்துக்கொள்க. தமிழகத்தில், குறிப்பாக வேலூர்ப் பக்கத்தே, மழை ஓய்ந்து குளிர் தொடங்குங்காலை இது மிகுதியாய்க் காணப்படும். புல்லிலும் புதரிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரியின் கடியால் வருவது. கடித்தவிடத்தில் சுருட்டு நெருப்பாற் சுட்டாற்போல் ஒரு கருநிறப் பொருக்கு உண்டாகும், எல்லார்க்கும் உண்டாவதில்லை. உண்டானாலும் அது வலிப்பதில்லை. அக்குளிலோ, தொடையிடுக்கிலோ, மார்பின் கீழோ மறைந்திருக்கும். களையெடுக்கச் சென்ற பெண்ணுக்கு ஐந்து நாளாய்க் காய்ச்சல் என்றால், அந்தப் பொருக்கைத் தேடிப் பார்க்கவேண்டும் என்று அறிந்த மருத்துவர், சில உருவாவிற்குக் கிடைக்கும் மாத்திரைகளால் இரண்டு மூன்று நாளில் அவளை எழுப்பிவிடலாம். அறியாதவர் காலங் கடத்தினால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் தாக்குண்டு, உயர்பண்டுவப் பிரிவில் பல நூறாயிரம் உருவா செலவழித்தும் உயிர் போகலாம்.

பாம்புக்கடியும் அத்தகையதே. கட்டுவிரியன் இரவில் தரையிற் படுத்துறங்குவாரைக் கடிக்கும். பல்லின் தடமும் தெரியாது, வலியும் இராது. விடியலில் வயிற்றுவலி என்றும், இமை தூக்க முடியவில்லை என்றும் அழைத்து வருவர். வயிற்றுவலிக்கு மருந்து கொடுத்தனுப்பினால் மூச்சடங்கிப் போம். ‘நேற்றிரவு எங்கே படுத்திருந்தீர்கள்?’ என்று கேட்கத் தோன்றவேண்டும். அவ்வினா எந்தக் கருவியிலும் வாராது. கண்ணாடி விரியன் கடித்ததோ என்னும் ஐயத்திற்கு ஒரு தூய கண்ணாடிக் குழல் போதும். சிறிது குருதியை அதிலிட்டு இருபது நிமையம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கின், உறையாது நீராய் ஓடுமாயின் நச்சுமுறி மருந்து உடனே தேவை. நெகிழிக் குழலில் இவ்வாய்வு பொய்த்துவிடும். இதற்கு ஆய்வுக்கூடமும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. பழகிய கை வேண்டும். மாமல்லையையடுத்த வடநெம்மேலியில் இருளர் பெருமக்கள் 1978-இல் அமைத்த கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்தே நச்சுமுறி மருந்து ஆக்கப்படுகின்றது. நம் மண்ணில் எடுத்த நஞ்சினால் ஆன மருந்து நம் சிற்றூர் நிலையத்துப் பேழையிலேயே இருந்தும், அதனைத் தன் கையாற் செலுத்திப் பழகாத மருத்துவர் அஞ்சி, நோயரை நாற்பது கல் தொலைவிற்கு அனுப்புவாராயின் பிழை யாருடையது? பயிற்றியவருடையது என்போம்.

இனி, மொழி. நோயைப் பற்றிய முதற்செய்தி நோயரின் வாய்ச்சொல்லே. தமிழில் நோவு என்பது ஒன்றன்று: குத்தல் வேறு, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, உளைச்சல் வேறு, மதமதப்பு வேறு. நெஞ்சு கரிக்கிறது என்பவர்க்கும், நெஞ்சைப் பிசைகிறது என்பவர்க்கும் இடையே சாவிற்கும் வாழ்விற்கும் உள்ள தொலைவு இருத்தல் கூடும். மருமகளை அழைத்துவந்த மாமியார், ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்கின்றார். அது கருவுற்றிருத்தலைச் சொல்லும் மங்கல வழக்கென்று அறியாத இளைஞர், குளித்துவிட்டு வரச்சொல்லுங்கள் என்றால் நகைப்பதா, அழுவதா? தடுமன் என்றும், நீர்க்கோவை என்றும், சளி என்றும் ஊருக்கு ஊர் மாறும் சொற்களை எந்த ஆங்கிலப் பாடநூல் கற்பிக்கும்? ஆங்கிலத்திற் கற்று, ஆங்கிலத்திற் குறிப்பெழுதி, ஆங்கிலத்தில் தேர்வெழுதிய மருத்துவர்க்குத் தாய்மொழி தமிழேயாயினும், நோயைத் தமிழில் எண்ணும் பழக்கம் அற்றுப்போகின்றது. நோயர் பத்துத் தொடரிற் சொன்னதை அவர் இரண்டு ஆங்கிலச் சொல்லாற் சுருக்கி எழுதுகையில், நோயறிதற்கு வேண்டிய பாதி அங்கேயே உதிர்ந்துவிடுகின்றது.

இஃது இயலாத கனவு என்பார்க்கு மானிப்பாயைக் காட்டுவோம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், அடுத்த ஆண்டிலிருந்து நம் இளைஞர்க்கு மருத்துவங் கற்பிக்கலானார். ஆங்கிலத்திற் பயின்றோர் அரசுப்பணி நாடி ஊரை விட்டகல்வதைக் கண்டு, 1860-களில் முற்றுந் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, அறுவை, பேறுகாலம், வேதியல் ஆகிய துறைகளில் தமிழ்நூல்கள் அவராலும் அவர்தம் மாணவராலும் வெளிவந்தன. 1867-இல் வந்த ‘இரண வைத்தியம்’ அவற்றுள் ஒன்று. நூற்பெயர்களிலும் உள்ளும் வடசொற்கள் மலிந்திருப்பதை நாம் மறைக்கவில்லை. அக்கால வழக்கு அது. ஆயினும் எங்கிருந்தோ வந்த ஒருவர், ஊரில் தங்கும் மருத்துவர் வேண்டுமாயின் ஊர்மொழியிற் பயிற்றவேண்டும் என்று நூற்றைம்பதாண்டிற்கு முன்பே கண்டுகொண்டார்.

பிற நாடுகளைப் பார்ப்போம். சப்பானில் 1972-இல், தன்னாட்சி என்று பொருள்படும் பெயரோடு ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தை அந்நாட்டு மாநிலங்கள் அனைத்துங் கூடி நிறுவின. மாநிலந்தோறும் மாணவர் சிலரைத் தெரிந்தனுப்புவர். கட்டணத்தை மாநிலம் ஏற்கும். படித்து முடித்தோர் தத்தம் மாநிலத்திற்குத் திரும்பி, பெரும்பாலும் ஒன்பதாண்டு, மருத்துவரில்லாப் பகுதிகளிலும் பணியாற்றுதல் வேண்டும். கற்பது சப்பானிய மொழியில் என்பதைத் தனியே சொல்லவும் வேண்டுமோ? அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் 1980-களின் நடுவில் ஒரு முறையைக் கொணர்ந்தனர்: குடும்ப மருத்துவப் பயிற்சியின் முதலாண்டு நகரில், எஞ்சிய ஈராண்டும் கால்வில் என்னுஞ் சிற்றூரில். அம்முறை பின்னர்ப் பல மாநிலங்களுக்கும் பரவிற்று. ஊர்ப்புறத்தில் வளர்ந்தவரைத் தெரிவுசெய்தலும், ஊர்ப்புறத்திலேயே பயிற்றுதலும் மருத்துவரை அங்கு நிலைக்கச் செய்யும் வழிகளென உலக நலவாழ்வு அமைப்பும் 2010-இலும் 2021-இலும் அறிவுறுத்தியது.

இங்கு நிலைமை யாது? பட்டமேற்படிப்பு மாணவர் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றவேண்டும் என 2020-இல் விதி செய்தனர். மாவட்ட மருத்துவமனை நகரில் இருப்பது, சிற்றூரிலன்று. மூன்று மாதத்தில் ஓர் ஊரின் பெயர்களைக் கற்கலாம். மக்களை அறிய இயலாது. ஊரகத்திற் பணியாற்றிய அரசு மருத்துவர்க்குப் பட்டமேற்படிப்பில் தமிழ்நாடு வழங்கி வந்த ஒதுக்கீட்டைப் புதுவிதிகள் பறித்தபோது, வழக்காடி, 2020 ஆகத்து 31-இல் உச்சநெறிமன்றத்தின்வழி அவ்வுரிமையை மீட்டோம். மீட்டது நன்றே. ஆனால் அவ்வழியிற் சென்றவர் பெரும்பாலும் வேறொரு சிறப்புத்துறையைப் படித்து நகர மருத்துவமனைக்கே சென்றுவிடுகின்றார். ஊர் படிக்கட்டாகிறது; ஏறியவர் கீழே பார்ப்பதில்லை. அரசுப் பள்ளியிற் படித்தோர்க்கு 7.5 விழுக்காடு என 2020-இல் நம் மாநிலஞ் செய்த சட்டத்தால், சிற்றூர்ப் பிள்ளைகள் பலர் மருத்துவக் கல்லூரி புகுந்துள்ளனர். ஊர்மொழியும் ஊர்வாழ்வும் அறிந்த அவர்களுக்கு, ஊரிலேயே உயர்பட்டம் பெறும் வழியைத் திறந்துவைப்பது அடுத்த கடமை.

இதற்காக இளமருத்துவர்மேல் வசைபாடுவார் கூட்டத்தில் நாம் சேரோம். தங்க வீடில்லை, இரவில் துணையில்லை, நோயர் இறந்தால் உறவினர் கைநீட்டுகின்றனர், பிள்ளைக்குப் பள்ளியில்லை. பெண் மருத்துவர்க்கு இத்தொல்லைகள் இருமடங்கு. இவற்றைச் சரிசெய்யாமல் ‘தொண்டு, தொண்டு’ என்று மேடையில் முழங்குவோர், தம் மக்களை எவ்வூருக்கு அனுப்பினர் என்று கேட்கத் தோன்றுகின்றது.

ஆகவே தமிழ்நாட்டரசு, வட்டாரத் தலைமை நலவாழ்வு நிலையங்களுள் தக்கவற்றைத் தெரிந்து, குடும்ப மருத்துவ உறைபயிற்சியிடங்களாக ஆக்குதல் வேண்டும். அங்கே பட்டறிவுமிக்க ஆசிரிய மருத்துவர் ஒருவரும், குடியிருக்க வீடும் இருத்தல் வேண்டும். மூன்றாண்டில் ஈராண்டேனும் ஒரே ஊரிற் கழியவேண்டும். தாம் பேறு பார்த்த குழந்தை நடக்கத் தொடங்குவதையும், தாம் மருந்தெழுதிய நீரிழிவு நோயரின் காலில் புண் வாராது காத்ததையும் அவரே காணவேண்டும். நோயரொடு உரையாடுந் திறம் தமிழில் தேர்வு செய்யப்படல் வேண்டும். மருந்துச் சீட்டிலும் அறிவுரைத் தாளிலும் தமிழே இருத்தல் வேண்டும். பயிற்சி முடித்தோர்க்கென அரசுப் பணியில் தனியிடமும், பிற துறை வல்லுநர்க்கு நிகரான ஊதியமும் படிநிலையும் வகுக்காவிடின், இத்துறையை யாரும் விரும்பி வரமாட்டார்.

நம் அன்பர்களுள் மருத்துவரும் செவிலியரும் பலர் உள்ளனர். தத்தம் வட்டாரத்தில் நோயர் வாயிற் கேட்கும் நோய்ச்சொற்களை, ஊர்ப்பெயருடனும் பொருள்விளக்கத்துடனும் எழுதி நம் அலுவலகத்திற்கு விடுக்க வேண்டுகின்றோம். வந்தவற்றைப் பகுதி பகுதியாய் இவ்விதழில் வெளியிடுவோம். தொகுதியானதும் மருத்துவக் கல்லூரிகளுக்கு நம் செலவிலேயே அனுப்பிவைப்போம்.