கணக்கை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்



ஊராட்சிப் பணம் கையாடல் என்று செய்தி வந்தால், எத்தனை லட்சம், யார் கைது என்று பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். அந்தப் பணம் எந்த வழியாகப் போனது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. பூட்டை உடைத்து யாரும் எடுப்பதில்லை, எழுதித்தான் எடுக்கிறார்கள். வேலைக்கே வராதவருக்கு மஸ்டர் ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் வருகை, கட்டாத சிறுபாலத்துக்கு பில், இறக்காத ஜல்லிக்கு ரசீது. வெளியூரிலிருந்து வரும் தணிக்கையாளருக்கு எல்லாத் தாளும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கும். பாலம் இல்லை என்பது அந்தத் தெருக்காரருக்குத்தான் தெரியும்.

தெரிந்தவர்கள் முன்னால் அந்தத் தாளை வாசித்தால் என்ன ஆகும்? 1994 டிசம்பர் 2 அன்று ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் கிராமத்து உழைப்பாளிகளோடு சேர்ந்து தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு கூட்டிய முதல் மக்கள் விசாரணை அது. வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார்கள். அந்த வேலைக்குத் தாங்கள் போனதே இல்லை என்று பெயருக்கு உரியவர்களே எழுந்து சொன்னார்கள். கட்டி முடித்ததாகக் கணக்கில் இருந்த ஒரு கட்டடம் கூரையில்லாமல் எல்லார் கண்ணெதிரே நின்றது. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர்கள் அன்று செய்த தணிக்கைக்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

பதிவேடுகளின் நகல் கேட்டு அதே அமைப்பினர் 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் நாடு முழுமைக்கும் வந்ததில் அந்தப் போராட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1997இலேயே இப்படியொரு சட்டம் வந்தது. விலக்குகள் மிகுந்திருந்ததால் பெரிதாகப் பயன்படவில்லை. அதே 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று 17ஆம் பிரிவில் எழுதி வைத்தது.

நம் கிராம சபைகளில் பல இடங்களில் நடப்பது வேறு. நோட்டில் முதலில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்கிறார்கள். வரவு செலவை யாரும் வாசிப்பதில்லை, வாசிக்கச் சொல்லி யாரும் கேட்பதுமில்லை. நேர்மையாக ஊராட்சி நடத்தும் தலைவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கணக்கைச் சபையில் வாசிப்பது அவர்களுக்கும் பாதுகாப்பு. வீண்பழி அவர்கள் மேல் ஒட்டாது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்கள். அடுத்த கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டார் நாலைந்து பேரையாவது சேர்த்துக்கொண்டு போங்கள். தனியாகக் கேட்பவரை மிரட்டுவது எளிது. உங்கள் தெருவில் நடந்ததாகச் சொல்லும் வேலை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, நீளம் எவ்வளவு, செலவு எவ்வளவு, கூலி வாங்கியவர்கள் யார் யார் என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எங்களுக்கு எழுதுங்கள். வாசகர் கடிதப் பகுதியில் இடம் வைத்திருக்கிறோம். பெயரை வெளியிட வேண்டாம் என்றால் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்