'சாப்டியா?'ன்னு கேக்காதீங்க!

ராத்திரி பத்தரை மணி. சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு உங்கள் மகள் இறங்குகிறாள். இரண்டு தெரு நடந்து ரூமுக்குப் போனால்... பூட்டு! கூடத் தங்கியிருக்கும் பெண் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டாள். கொடியில் அவள் துவைத்துப் போட்ட சுடிதார் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது.

செல்போன் அடிக்கிறது. தென்காசியிலிருந்து நீங்கள்தான்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேம்மா."

உங்களுக்கு நிம்மதி. படுக்கப் போய்விடுவீர்கள். கேன்டீன் தட்டில் பாதியைக் கொட்டிவிட்டு வந்ததை அவள் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

நாளையிலிருந்து ஒரே ஒரு வார்த்தையைச் சேர்த்துக் கேட்டுப் பாருங்களேன். "யார்கூட சாப்டே?"

பதில் உடனே வந்தால் கவலையில்லை. கொஞ்சம் மௌனம் வந்தால், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

தனிமை ஒரு வியாதியா?

'வேலைக்குப் போன இடத்துல சிநேகிதம் எதுக்கு? நாலு காசு சேர்த்தோமா, வந்தோமான்னு இருக்கணும்' என்று சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகத்தில் ஆறில் ஒருவர் தனிமையில் வாடுகிறார். அதனோடு தொடர்புள்ள மரணங்கள் வருஷத்துக்கு 8,71,000. மணிக்கு நூறு பேர்! முதியவர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். இளம் வயதுக்காரர்களிடமும் தனிமை அதிகம் என்கிறது அதே அறிக்கை. பிரிட்டன் 2018-லேயே இதைக் கவனிக்க ஒரு மந்திரியை நியமித்தது. 2021-ல் ஜப்பானும் நியமித்தது.

தனிமை, 'நான் தனிமை' என்று சொல்லிக்கொண்டு வராது. தலைவலி என்று வரும். வயிற்றெரிச்சல் என்று வரும். தூக்கம் வராது, அல்லது எவ்வளவு தூங்கினாலும் அசதி போகாது. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கும், உடம்புதான் சரியாக இருக்காது. இதில் நைட் ஷிஃப்டும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

கட்டில் கிடைச்சாச்சு... கூட்டு?

ஏரியும் வயலுமாக இருந்த பகுதி இது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் முதல் சம்பளத்தைக் கையில் வாங்கினார்கள். 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. வேலை போயிற்று, பஸ் நின்றது. ஒரே நாளில் அந்நியமாகிப் போகிற ஊரில் மனுஷருக்கு மிஞ்சுவது, கூட நின்று பழகிய நாலு பேர்தானே?

இப்போது ஒரகடம், வல்லம் வடகால், மாத்தூர் என்று எங்கே பார்த்தாலும் ஆலை, எங்கே பார்த்தாலும் 'டு லெட்' பலகை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. செலவு 706 கோடி ரூபாய். நல்ல காரியம், பாராட்டுவோம். ஆனால் கட்டிலைக் காசு கொடுத்துக் கட்டிவிடலாம். பக்கத்துக் கட்டில்காரியின் பெயர் தெரிவதற்கு எந்த பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவது?

200 மணி நேரம்!

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். புது ஊருக்குப் போனவர்களைக் கேட்டுக் கணக்குப் போட்டார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாறச் சுமார் 50 மணி நேரம் ஆகிறது. நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல்! இன்னொன்றும் சொன்னார்: வெறுமனே ஒன்றாக வேலை பார்த்த மணிகளுக்கு அவ்வளவு மதிப்பில்லை. பேசிச் சிரித்த, சும்மா உட்கார்ந்திருந்த மணிகள்தான் கணக்கு.

நம்ம ஊரில் இந்த 200 மணி நேரம் நமக்குத் தெரியாமலே சேர்ந்துவிடும். குழாயடி, பள்ளிக்கூட பஸ், கோயில் திண்ணை... இங்கே? எட்டு மணி நேரம் லைனில் தோளோடு தோள் நிற்கிறார்கள். வாய் திறக்க முடியாது. அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறும். இவள் வரும்போது அவள் போவாள். ஒரே அறையில் ஆறு மாசம் இருந்தும் முகம் பார்த்துப் பேசாதவர்கள் உண்டு.

ஆகவே, 'எனக்குப் பழகத் தெரியலை', 'நான் ஒரு மாதிரி டைப்' என்று தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் தங்கச்சிகளே, தம்பிகளே... குற்றம் உங்கள் சுபாவத்தில் இல்லை. கடிகாரத்தில் இருக்கிறது!

ரூமில் இருந்து இதைப் படிக்கிறீங்களா?

அப்போ உங்களுக்கு நாலு வார்த்தை.

வாரத்தில் ஒரு சாப்பாட்டையாவது ஒருத்தரோடு சேர்ந்து சாப்பிடுங்க. அதே ஆள், அதே நாள், அதே இடம். ஷிஃப்ட் மாறினாலும் அந்த ஒன்றை மாற்றாதீங்க. ஞாயிற்றுக்கிழமை டிபனாக இருந்தாலும் போதும். 2025-ம் வருஷத்து உலக மகிழ்ச்சி அறிக்கையில் சேர்ந்து சாப்பிடுவதற்கே ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒருவருடைய மனநிறைவோடு வருமானத்துக்கு எவ்வளவு தொடர்போ, கிட்டத்தட்ட அவ்வளவு தொடர்பு சேர்ந்து சாப்பிடுவதற்கும் இருக்கிறதாம்.

ஒரே டீக்கடை, ஒரே பூக்காரம்மா என்று வைத்துக்கொள்ளுங்க. நாலு நாள் போகாவிட்டால், 'எங்க பாப்பா, ஆளையே காணோம்?' என்று கேட்க ஒரு வாய் இருந்தால், அந்த ஊர் உங்க ஊர்தான்.

உதவி செய்யக் காத்திருக்காதீங்க, உதவி கேளுங்க. 'அக்கா, கொஞ்சம் ஊறுகாய் இருக்கா?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்க. மறுநாள் அவங்க வந்து ஊசி நூல் கேட்பாங்க. சிநேகிதம் இப்படித்தான் உள்ளே வரும்.

பக்கத்து அறை ஒடிசாக்காரரையும் விட்டுவிடாதீங்க. மதுரை உங்களுக்கு எவ்வளவு தூரமோ, அதைப்போல மூணு பங்கு தூரம் அவருக்கு. 'சாப்பாடு ஆச்சா?' என்பதற்கு இலக்கணம் வேண்டாம், சைகை போதும்.

செல்போனில் ராத்திரி ரெண்டு மணி வரை முகங்கள் வரும். அதில் ஒரு முகமாவது உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருமா?

அந்த டிசம்பர் ராத்திரி

இது வெறும் மனசு சமாசாரம் இல்லை, உயிர் சமாசாரம். 2021 டிசம்பரில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில், சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்களுக்கு உணவு விஷமாகி, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். யாரோ இறந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். கூட இருந்தவள் உயிரோடு இருக்கிறாளா என்பதற்குத்தான் முக்கியமாகப் பதில் கேட்டார்கள். யாரும் சாகவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஒருத்தி காணாமல் போனால் 'எங்கே அவள்?' என்று கேட்க இன்னொருத்தி வேண்டும். அந்த இன்னொருத்திதான் உங்கள் மகளுக்கு உண்மையான பாதுகாப்பு. சிசிடிவி கேமரா அப்புறம்தான்.

மற்றவர்களுக்கும் பங்கு உண்டு

விடுதி நடத்துகிறவர்களே, ஒரே ஷிஃப்டுக்காரர்களை ஒரே அறையில் போடுங்கள். முடிந்தவரை அறை மாற்றாதீர்கள். பத்துப் பேர் உட்கார்ந்து பேச ஒரு பொது இடம் விடுங்கள். பூட்டுப் போடுவது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

வீட்டுக்காரர்களே, வாடகைக்கு வருகிறவரிடம் முதல் கேள்வியே 'நீங்க என்ன ஆளுங்க?' என்பதா? நீங்கள் இருப்பது ராமானுஜர் பிறந்த ஊர். அவரே ஊர் விட்டு ஊர் போனவர்தான். காஞ்சிபுரத்தில், வேறு சாதியைச் சேர்ந்த பூந்தமல்லிக்காரர் திருக்கச்சி நம்பியைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார் அவர். நம்பி சாப்பிட்டுப் போன இடத்தை மனைவி கழுவிவிட்டதைப் பார்த்து மனம் நொந்தார் என்று அவரது சரித்திரம் சொல்கிறது. ஆயிரம் வருஷம் ஆச்சு. நாம் இன்னும் இடத்தைக் கழுவிக்கொண்டே இருக்கலாமா?

கடைசியாக ஒன்று. ரெண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, 'இருந்து என்ன பண்ண?' என்ற நினைப்பு வருகிறது என்றால், சிநேகிதம் மட்டும் போதாது. டெலி மானஸ் 14416-க்குப் போன் பண்ணுங்கள். எந்நேரமும் பேசலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.

அம்மா, அப்பா... இன்றைக்கு ராத்திரி போன் போடும்போது மறந்துவிடாதீர்கள். "யார்கூட சாப்டே?" இன்றைக்கு மௌனம் வரலாம். நாளைக்கும் வரலாம். கோபப்படாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். ஒருநாள், "வேலூர்க்காரி ஒருத்தி இருக்கா, அவகூட" என்று பதில் வரும்.

அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குங்கள்!