பெயரும் கடவுச்சீட்டும்

எழுத்தொன்று பிறழின் பொருள் பிறழும் என்பது இலக்கணம் பயிலும் சிறுவனும் அறிந்ததே. எழுத்தொன்று பிறழின் இல்லறமே தடைப்படும் என்பதை ஊவாத் தோட்டங்களில் இன்று காண்கின்றோம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியா ஏற்க வகை செய்தது. கடவுச்சீட்டு வேறுபட்டதாற் குடும்பங்கள் பல பிரிந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நாடற்ற நிலை பெரிதும் நீங்கிற்று. ஏட்டுப் பிழை நீங்கவில்லை.

என் மாணவி ஒருத்தி. பசறைப் பகுதித் தோட்டத்தாள். பழனியம்மாள் என வைத்துக்கொள்வோம். சிங்களத்தில் ழகரம் இல்லை. பிறப்புப் பதிவிலும் அதன்வழிக் கடவுச்சீட்டிலும் அவள் 'பலனியம்மா' ஆயினாள். விவாகப் பதிவிலோ 'பழனியம்மாள்'. வெளிநாட்டிலுள்ள கணவனிடஞ் செல்ல விசாவுக்கு விண்ணப்பித்தபோது, இரு பெயரும் ஒருத்தியையே குறிக்குமென நிறுவ ஓராண்டு கழிந்தது. புதுமணத் தம்பதியருக்கு ஓராண்டு சிறிதோ?

அலுவலரை நோவதால் மட்டும் பயனில்லை. பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும் நாளிலேயே ஆசிரியர் பிறப்புச் சான்றிதழை ஒப்புநோக்குக. பிழை காணின், பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துத் திருத்துமாறு பெற்றோரைத் தூண்டுக. மணமக்கள் கையொப்பமிடுமுன், கடவுச்சீட்டிலுள்ள பெயரும் விவாகப் பதிவிலுள்ள பெயரும் ஒன்றாதலை உறுதி செய்க. மூலப் பத்திரங்களைத் தரகர் கையிற் கொடுத்தலாகாது; படிகளை வீட்டில் வைத்திருத்தல் நன்று.

பெயரெழுதக் கற்பிப்பது எமது தொழில். அப்பெயர் ஏடேறும்போது பிழையாமற் காத்தலும் எம் கடனன்றோ?