திரும்பப் போட்டால் உடையக் கூடாது

"வைஃபை வேலை செய்யேல்லையோ? டிரைவரை அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்கோ." லினக்ஸ் பற்றி ஆரிட்டக் கேட்டாலும் வாற முதல் பதில் இதுதான். அழிச்ச பிறகு எந்த நெட்டில அதை எடுக்கிறது? சாவகச்சேரியில் எங்களில் பலரிட்ட இருக்கிறது பழைய கொம்பியூட்டர், ஒரு யூஎஸ்பி வைஃபை டொங்கிள், ஃபோன் டேட்டா, அவ்வளவுதான்.

இப்படியான டொங்கிள்கள் பலவற்றின் டிரைவர் லினக்ஸ் கேர்னலோடு சேர்ந்து வராது. டெபியன், உபுண்டுவில் அதன் மூலநிரல் தனிப் பொதியாக வரும். கேர்னல் மாறும் ஒவ்வொரு தடவையும் அந்த மூலநிரலில் இருந்து மொடியூலைக் கட்டித் தருவது டீகேஎம்எஸ், டெல் நிறுவனத்தில் பிறந்த கருவி. பொதிக்குள் இருக்கும் நிறுவல் ஸ்கிரிப்ட் அதனிடம் "இந்த மொடியூலைச் சேர்" என்று சொல்லும். அதே பதிப்பு ஏற்கெனவே பதிவாகி இருந்தால் டீகேஎம்எஸ் மறுத்துப் பிழை காட்டும். அதை எதிர்பாராமல் எழுதிய ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே விழும். பொதி அரைகுறையாகத் தொங்கும். பிறகு சம்பந்தமே இல்லாத ஒரு எழுத்துருவை நிறுவப் போனாலும் அதே பிழை முன்னுக்கு வந்து நிற்கும்.

இது அபூர்வம் எண்டு சொல்லாதேங்கோ. 2022 மார்ச் கடைசியில் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மொடியூல் கட்டிக்கொண்டு இருக்கேக்க கரண்ட் போனால், அடுத்த முறை ஸ்கிரிப்ட் அந்தப் பாதி வேலைக்கு மேலேதான் ஓட வேண்டும். டெபியன் கொள்கை ஆவணத்தின் 6.2 ஆம் பிரிவு கேட்பதும் இதுதான்: இடையில் நின்றுபோனதைத் திரும்ப ஓட்டினால் ஒழுங்காக முடிய வேண்டும். ஆக, இது பயனாளருக்கு நீங்கள் காட்டும் தயவு இல்லை, விதி.

பெரிய வித்தையும் இல்லை. சேர்க்க முதல் பழைய பதிவு இருக்கா எண்டு பார், இருந்தால் எடுத்துவிட்டுச் சேர். சில வரி. சிலர் அதுக்குப் பதிலாகப் பிழையை அப்படியே விழுங்கி, எல்லாம் சரி என்று ஸ்கிரிப்டைச் சொல்ல வைக்கிறார்கள். அது இன்னும் மோசம். மொடியூல் கட்டுப்படாமலே பொதி "நிறுவியாயிற்று" என்று நிற்கும். ரீபூட் பண்ணினாப் பிறகுதான் வைஃபை இல்லை எண்டு தெரியும்.

"ஃபோனை யூஎஸ்பியில கொழுவி நெட் எடுக்கலாமே" எண்டு கேப்பினம். எடுக்கலாம். அந்த டேட்டா ஆற்ற காசு?

டிரைவர்ப் பொதி செய்யிற நண்பர்களே, வெளியிட முதல் உங்கட பொதியை ஒருக்கா நிறுவுங்கோ. அதே பதிப்பை உடனே திரும்ப நிறுவுங்கோ. மூன்றாம் தரம் நிறுவேக்க, நடுவில பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கோ.