கொல்லைப்புற வீடும் எழுதப்படாத பங்கும்



அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாழும் நம் சமுதாயக் குடும்பங்கள் சில, "வட்டிக்குக் கடன் வாங்காமல் சொந்த வீடு அடைய வழியுண்டா?" என வினவுகின்றன. முழு விடை என்னிடம் இல்லை. ஆயினும் அங்கு திறந்திருக்கும் ஒரு வாயிலையும், அதனுள் நுழைவோர் பேண வேண்டிய எச்சரிக்கையையும் எடுத்துரைக்க விழைகிறேன்.

அங்கு வீட்டு விலையின் பெரும்பகுதியை நிலமே விழுங்கிவிடுகிறது. எனவே, ஏற்கெனவே வீடுள்ள மனையிலேயே ஏ.டி.யு. எனப்படும் துணைவீடு ஒன்றைக் கட்ட அம்மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. தனிச் சமையலறை, தனிக் குளியலறை, தனி வாயில் ஆகியன அதற்கு உண்டு. 2020 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, முழுமையான விண்ணப்பத்திற்கு 60 நாள்களுக்குள் நகராட்சி முடிவு கூற வேண்டும். 750 சதுர அடிக்குக் குறைந்த துணைவீட்டிற்கு, உள்கட்டமைப்புக்காக விதிக்கப்படும் வளர்ச்சிக் கட்டணம் கிடையாது.

ஒரே மனையில் இரண்டு அடுப்பு எரிவது நமக்குப் புதிதன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்மக்களுக்கு வீடு அமைத்துக் கொடுத்த நம் முன்னோர், பெற்றோரின் மனையைப் பகிர்ந்தே பல வீடுகளை எழுப்பினர். அண்ணனும் தம்பியும் சேமிப்பை ஒன்றுசேர்த்தால், முன்வீட்டின் சுமை இருவருக்கும் குறையும். தம்பிக்கோ புதிய நிலம் வாங்கும் செலவே இல்லை. முதிய பெற்றோரும் அருகிலேயே இருப்பர்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அண்ணன் பெயரிலுள்ள நிலத்தில் தம்பி தன் பணத்தில் கட்டினாலும், பத்திரத்தில் பெயரில்லாதவரை அரசு உரிமையாளராகக் கருதாது. நாளை அண்ணன் இறந்தால் என்னாகும்? அவருக்கு மகன் இருப்பின் மார்க்கச் சட்டப்படி சகோதரருக்கு வாரிசுப் பங்கில்லை. பிள்ளைகள் இருக்கும்போது அம்மாநிலச் சட்டமும் சகோதரருக்குப் பங்கு தருவதில்லை. தம்பி போட்ட பணம் கடன் என்றோ கூட்டுப் பங்கு என்றோ நிறுவப்பட்டால் மட்டுமே, சொத்தைப் பிரிக்கும் முன் அது அவருக்குத் திரும்பும். நிறுவுவதற்குச் சான்று எங்கே? "சகோதரருக்குள் எழுத்து எதற்கு?" என்று அன்று பெருந்தன்மையாகச் சொன்ன சொல்லே, பின்னாளில் அநாதைகளுக்கும் சிற்றப்பனுக்கும் இடையே பகையாக மாறுகிறது.

கடனை எழுதி வைக்குமாறும் சாட்சிகளை ஏற்படுத்துமாறும் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கட்டளையிடுகிறது. எழுதுவது அவநம்பிக்கையன்று, அமானிதத்தைக் காக்கும் வேலி.

ஆகவே, அடித்தளம் தோண்டுமுன் மூன்றைச் செய்யுங்கள். யார் எவ்வளவு தந்தார், அது அன்பளிப்பா, கடனா, பங்கா என்பதை எழுதுங்கள். பங்கெனில், வழக்கறிஞர் துணையுடன் இருவர் பெயரையும் அவரவர் விகிதத்தையும் பத்திரத்தில் ஏற்றுங்கள். மார்க்க முறைப்படி வஸிய்யத் எழுதி, அது அந்நாட்டுச் சட்டப்படியும் செல்லுபடியாகுமாறு செய்யுங்கள். துணைவீட்டைத் தனியே விற்க நகராட்சிகள் விரும்பினால் இசைவளிக்கலாம் என 2024 முதல் ஒரு சட்டம் உண்டு; சான் ஹோசே நகரம் அவ்வாறு இசைவளித்துள்ளது. உங்கள் நகரிலும் அவ்வசதி உண்டா என விசாரியுங்கள்.

சுவர் எழும்பி உறவு இடியுமாயின் அந்த வீட்டில் பரக்கத் ஏது? ஹலாலான பொருளில் அமைந்த இல்லங்களையும், அவற்றில் நிலைக்கும் சகோதரத்துவத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.